உங்களுக்குத் தெரியுமா? குப்பி விளக்கு முதல் குரங்கு அணைத்த கரண்ட் வரை

மகள் போனை நீட்டுவாள். "வாப்பா, இதப் பாருங்க, கரண்ட் இல்லாம ஓடுற பிரிட்ஜ். இதப் பாருங்க, பாரத்தத் தொங்க விட்டா எரியிற லைட்." படங்கள் அழகாகத்தான் இருக்கும். நான் கணிதம் படிப்பிக்கிறவன். கை தானாகப் பேனையைத் தேடும். இரவுச் சோற்றுக்குப் பிறகு நாங்கள் இருவரும் பழைய வினாத்தாள்களின் பின்பக்கத்தில் போட்ட கணக்குகளும், அவற்றைத் தேடிப் போனபோது கிடைத்த செய்திகளும் இவை.

●

மார்மைட் போத்தல் ஒன்று இலங்கையில் எத்தனையோ பேரைத் தீக்காயத்திலிருந்து காப்பாற்றியிருக்கிறது, தெரியுமா?

எங்கள் ஊர் நற்பிட்டிமுனையில் கரண்ட் இல்லாத வீடுகளில் அந்நாளில் எரிந்தது குப்பி விளக்கு. வெறும் மருந்துப் போத்தல், மூடியில் ஒரு துளை, பழந்துணித் திரி, மண்ணெண்ணெய். அவ்வளவுதான். பூனை வால் பட்டாலே சரியும். சரிந்தால் உருளும், மூடி கழன்று எண்ணெய் கொட்டும், திரி அதில் விழும். என் மூத்தம்மா விளக்கை எப்போதும் ஒரு மண்சட்டிக்குள் இறக்கி வைத்துத்தான் ஏற்றுவா. ஏனென்று அப்போது விளங்கவில்லை.

இந்த விளக்கால் எரிந்து வந்தவர்களுக்கு வைத்தியம் பார்த்துப் பார்த்து மனம் நொந்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, 1990களின் தொடக்கத்தில் வேறொரு வழி யோசித்தார். காயத்துக்கு மருந்து போடுவதைவிட விளக்கைத் திருத்தினால் என்ன? குட்டையான, கனத்த, திருகுமூடி போட்ட மார்மைட் போத்தல் அவர் கண்ணில் பட்டது. அதன் சாயலில் தடித்த கண்ணாடியில் ஒரு விளக்குச் செய்வித்தார். அடி கனம் என்பதால் இலேசில் சரியாது. சரிந்தாலும் இரண்டு பக்கம் தட்டையாக இருப்பதால் உருளாது. திருகிய உலோக மூடி என்பதால் எண்ணெய் கொட்டாது. பெயர் 'சுதீப'. 1998இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. இலட்சக்கணக்கான விளக்குகள் வீடுகளுக்குப் போயின.

கவனியுங்கள்: இதில் மோட்டர் இல்லை, பற்றரி இல்லை, சென்சர் இல்லை. போத்தலின் வடிவம் மட்டுமே மாறியது. நான் பார்த்த வடிவமைப்புகளில் இதற்குத்தான் முதல் மார்க்.

●

இனி மகள் காட்டிய பாரவிளக்கு. 2008இல் நியூயோர்க்கில் பசுமைக் கருவிகளுக்கான வடிவமைப்புப் போட்டி ஒன்று நடந்தது. வேர்ஜீனியா டெக் மாணவர் கிளே மோல்ட்டன் வரைந்த 'கிராவியா' என்ற விளக்கு இரண்டாம் பரிசு பெற்றது. நான்கு அடிக்குச் சற்று மேலான அக்ரிலிக் தூண். உள்ளே ஒரு பாரம் மெல்ல மெல்லக் கீழிறங்கும். அது இறங்கும் நான்கு மணி நேரமும் 40 வாட் பழைய பல்ப் அளவுக்கு வெளிச்சம் வரும். பத்திரிகைகள் எல்லாம் படம் போட்டன.

நாங்கள் ஒரு 50 கிலோ அரிசி மூடையை எடுத்துக்கொண்டோம், தாளில்தான். அதை நான்கு அடி உயரத்திலிருந்து இறக்கினால் கிடைக்கும் சக்தி ஏறத்தாழ 600 ஜூல். அதே வெளிச்சம் தரும் இன்றைய எல்.ஈ.டி. பல்ப் 5 வாட் குடிக்கும். நான்கு மணி நேரத்துக்கு 72,000 ஜூல் வேண்டும். வகுத்துப் பாருங்கள்: 120 மூடை! ஓர் இரவு விளக்கெரிக்க ஆறாயிரம் கிலோ அரிசியை நான்கு அடி உயரம் தூக்கி வைக்க வேண்டும். ஆலையில் மூடை சுமக்கும் நாட்டாமைமார் நான்கைந்து பேரைக் கூலிக்கு வைத்தால் விளக்கு எரியும்.

அமெரிக்காவிலும் யாரோ இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறார்கள். அன்றிருந்த எல்.ஈ.டி.யால் இது ஆகாது என்று மோல்ட்டனே பிறகு ஒத்துக்கொண்டார். நல்ல மனிதர். பரிசு கொடுத்த நடுவர்களிடம் ஒரு கல்குலேட்டர் இருந்திருக்கலாம்.

●

அதே யோசனையை அடக்கமாகச் செய்தால்? 2012இல் இலண்டனில் இருவர் 'கிராவிட்டி லைட்' என்ற சிறு விளக்கைக் கொண்டுவந்தார்கள். 12 கிலோ மண் பையை ஆளுயரத்துக்குத் தூக்கிவிட்டால் 20 நிமிடத்துக்கு மேல் எரியும். கணக்கு உதைக்கவில்லை, ஏனென்றால் அந்த விளக்கு ஒரு வாட்டில் ஐந்தில் ஒரு பங்குகூடக் குடிக்காது. புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தால் எழுத்துத் தெரியும். ஹோலில் மாட்டினால் ஹோல் இருக்கும் இடம் மட்டும் தெரியும்.

●

எல்.ஈ.டி.யில் சிவப்பும் பச்சையும் 1960களிலேயே தலைகாட்டின. நீலம் வராததால் வெள்ளை வெளிச்சமும் வரவில்லை. 1990களின் தொடக்கத்தில் அந்த நீலத்தைப் பிடித்த ஜப்பானில் பிறந்த மூவருக்கு 2014இல் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது. உங்கள் குசினி பல்ப்பைப் போடும்போது அவர்களை ஒரு தரம் நினைத்துக்கொள்ளலாம்.

●

வயலில் இரண்டு சக்கரத்தோடு கடகடவென்று ஓடுமே, நாங்கள் எல்லோரும் எந்தக் கம்பனி மெஷின் என்றாலும் 'லாண்ட்மாஸ்டர்' என்று சொல்வோமே, அந்தப் பெயருக்குப் பின்னால் ஓர் இலங்கையர் இருக்கிறார், தெரியுமா?

ரே விஜேவர்தன. 1924இல் பிறந்து கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்தவர். பெரிய டிரக்டர் நமது சின்னச் சின்ன வரவைகளுக்குள் இறங்காது, இறங்கினால் வரம்பு தாங்காது என்று கண்டு, பின்னால் நடந்துபோய் ஓட்டும் இருசக்கர உழவு இயந்திரத்தை 1950களில் வடிவமைத்தார். இங்கிலாந்துக் கம்பனி ஒன்று அதை 'லாண்ட்மாஸ்டர்' என்ற பெயரில் செய்து விற்றது. சம்மாந்துறை வயலிலும் யாழ்ப்பாணத் தோட்டத்திலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வயலுக்கு வந்தது வீதிக்கும் ஏறியது. பெட்டி பூட்டினால் செங்கல் ஏற்றும், விறகு ஏற்றும், கலியாண வீட்டுக் கதிரைகளும் ஏற்றும்.

அந்த மனிதர் சும்மா இருக்கும் ஆளில்லை. சொந்தமாக ஆகாய விமானம் செய்து பறந்தார். 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகோட்டத்தில் இலங்கைக்காக இறங்கினார். என்றாலும் எனக்கு அவரிடம் பிடித்தது வேறு. பிற்காலத்தில் தனது உழவு இயந்திரத்தைப் பற்றித் தானே குறை சொன்னார். வேலை கெதியில் முடிகிறது, விளைச்சல் கூடவில்லையே என்றார். எருமை சாணம் போடும், கன்று போடும். மெஷின் புகையைத்தான் போடும். அதன் பிறகு அவர் பிடித்தது கிளிரிசிடியா மரத்தை. வேலியில் வெட்டி நட்டால் வேர்விடும் அதே மரம்தான். இலை வயலுக்குப் பசளை, ஆட்டுக்குத் தீன். தடி மின்சாரம் எடுக்க விறகு. வெட்ட வெட்டத் துளிர்க்கும். அந்த மரத்தை அரசாங்கம் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்தது. ரே விஜேவர்தன 2010இல் காலமானார்.

தன் கண்டுபிடிப்பைத் தானே எதிர்த்துப் பேசிய கண்டுபிடிப்பாளர் இன்னொருவர் இருந்தால் சொல்லுங்கள்.

●

கரண்ட் இல்லாத பிரிட்ஜ் உண்மையிலேயே இருக்கிறது. இரண்டு விதம்.

ஒன்று நைஜீரியாவில். முஹம்மது பாஹ் அப்பா என்ற ஆசிரியர், குயவர் குடும்பத்திலிருந்து வந்தவர். பெரிய மண்பானைக்குள் சின்ன மண்பானையை வைத்து, இடையில் மணல் நிரப்பி, மணலை நனைத்து, மேலே ஈரத்துணி போட்டார். மூன்று நாளில் வாடும் கத்தரிக்காய் அதற்குள் 27 நாள் கெடாமல் இருந்தது. 2000இல் இவருக்கும் ரோலெக்ஸ் விருது.

மற்றது குஜராத்தில். 2001 பூகம்பத்தில் உடைந்துபோன மண்பானைகளின் படத்தை ஒரு பத்திரிகை 'ஏழைகளின் பிரிட்ஜ் உடைந்தது' என்ற கருத்தில் வெளியிட்டது. அதைப் பார்த்த வாங்கானேர் ஊர்க் குயவர் மன்சுக்பாய் பிரஜாபதி, ஏழைகளுக்கு மண்ணிலேயே மெய்யான பிரிட்ஜ் செய்தால் என்ன என்று யோசித்துச் செய்ததுதான் 'மிட்டிகூல்'. கதவு உண்டு, தட்டு உண்டு, மேலே ஊற்றிய தண்ணீர் குடிக்கக் குழாயும் உண்டு.

கணக்கு இதில் நன்றாகவே வருகிறது. ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக 2,400 கிலோஜூல் அளவு வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். 600 வாட் ஹீற்றரை ஒரு மணி நேரத்துக்கு மேல் போட்டால் வரும் வெப்பம் அது.

ஆனால் எங்கள் கிழக்குக் கரையில் வேலை செய்யுமா? காற்று காய்ந்திருந்தால்தான் தண்ணீர் ஆவியாகும். மாரியில், வாடைக் காற்றடிக்கும் நாளில், வீட்டுக்குள் போட்ட சாரமே மூன்று நாள் காயாது; பானை எங்கே குளிரும்? வைகாசி தொடங்கி ஆவணி வரை மேற்கே மலை தாண்டி வரும் கச்சான் காற்றுக்கு மண்டையே காயும். அப்போது பானை நன்றாகக் குளிரும். ஆகவே இது கச்சான் காலத்துப் பிரிட்ஜ். (கடலைக்கும் நாங்கள் கச்சான் என்றுதான் சொல்வோம். பானைக்குள் வைக்கத் தேவையில்லை, எங்கள் வீட்டில் அது மிஞ்சுவதே இல்லை.)

கத்தரி, தக்காளி, மிளகாய்க்குச் சரி. சூரையும் கீரியும் வாங்கி இதில் வைத்துவிட்டு அடுத்த நாள் ஆணம் ஆக்கலாம் என்று எண்ண வேண்டாம். மீனுக்கு ஐஸ்தான்.

●

சிறுவர்கள் ராட்டினம் சுற்றினால் கிணற்றுத் தண்ணீர் மேலே ஏறும்! 'பிளேபம்ப்' என்ற இந்த யோசனைக்கு ஆபிரிக்காவில் கோடிக்கணக்கில் டொலர் கொட்டினார்கள். 2009இல் இலண்டன் 'கார்டியன்' பத்திரிகை கணக்குப் பார்த்தது: சொன்ன அளவு தண்ணீர் கிடைக்க வேண்டுமானால் பிள்ளைகள் ஒரு நாளைக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும்.

பிள்ளைகள் களைத்துப்போன இடங்களில் ராட்டினத்தைத் தள்ளியது அவர்களின் உம்மாமார்.

●

உதைக்க உதைக்கச் சார்ஜ் ஏறும் உதைபந்தும் வந்தது, 'சொக்கெட்' என்று பெயர். அரை மணி நேரம் விளையாடினால் மூன்று மணி நேரம் விளக்கெரியும் என்றார்கள். கொஞ்ச நாளிலேயே பழுதாகிறது என்ற முறைப்பாடுகளும் வந்தன. உதைப்பதற்கென்றே செய்த சாமானுக்குள் மின்சுற்று வைத்தால் வேறென்ன நடக்கும்?

●

சிரட்டை. துருவியதும் அடுப்புக்குப் போகும், இல்லாவிட்டால் அகப்பையாகும். வேறென்ன ஆகும் தெரியுமா?

காற்றுப் படாமல் சுட்டுக் கரியாக்கி, அந்தக் கரியைக் கடும் சூட்டில் நீராவியால் துளைத்தெடுத்தால் 'உயிர்ப்பூட்டிய கரி' கிடைக்கும். தண்ணீர் வடிக்கும் பில்டரில் இருப்பது அதுதான். ஒரு கிராம் கரிக்குள் இருக்கும் நுண்துளைகளின் சுவரையெல்லாம் விரித்துப் போட்டால் 1,000 சதுர மீற்றருக்கு மேல் வரும். எங்கள் கணக்கில் 40 பேர்ச், கால் ஏக்கர் வளவு. ஒரு சிட்டிகைக் கரிக்குள்!

அவ்வளவு பரப்பு இருப்பதால் மின்னேற்றமும் அதில் நிறைய ஒட்டிக்கொள்ளும். நொடியில் சார்ஜ் ஏறி நொடியில் கொடுக்கும் சூப்பர் கப்பாசிட்டர்களுக்குள் உலகெங்கும் விரும்பிப் போடுவது சிரட்டைக் கரியைத்தான். 1970களில் தொடங்கிய இலங்கையின் ஹேகார்ப் நிறுவனம் உயிர்ப்பூட்டிய சிரட்டைக் கரி ஏற்றுமதியில் உலகின் முன்னணியில் நிற்கிறது. நாங்கள் குப்பையோடு போட்டு எரிக்கும் சிரட்டை வெளிநாட்டு பஸ்ஸுக்குள் மின்சாரமாக உட்கார்ந்து திரும்பி வரக்கூடும், டொலரில்.

●

உமிக்கும் இப்படியொரு கதை இருக்கிறது. 100 கிலோ நெல்லைக் குற்றினால் ஏறத்தாழ 20 கிலோ உமி. அம்பாறை மாவட்டத்து ஆலைகளுக்குப் பின்னால் நிற்கும் உமி மலைகளைப் பார்த்தவர்களுக்கு மேலும் சொல்லத் தேவையில்லை. நெல் அவிக்கக் கொஞ்சம் போகும், செங்கல் சூளைக்குக் கொஞ்சம் போகும், மிச்சம் புகையும்.

பிலிப்பைன்ஸ் பொறியியலாளர் அலெக்சிஸ் பெலோனியோ உமியை நேராக எரிக்காமல், அடியிலிருந்து சின்ன விசிறியால் அளவாகக் காற்றுக் கொடுத்து வாயுவாக்கி, அந்த வாயுவை மேலே எரிய வைத்தார். காஸ் குக்கர் போல நீலச் சுவாலை. 2008இல் ரோலெக்ஸ் விருது பெற்றவர்களில் அவரும் ஒருவர். பீகாரில் 'ஹஸ்க் பவர்' என்ற நிறுவனம் உமியிலிருந்து மின்சாரமே எடுத்துக் கிராமங்களுக்குக் கொடுத்தது.

2022இல் காஸ் சிலிண்டருக்காக நாங்கள் விடியற்காலையில் வரிசையில் நின்றபோது இந்த அடுப்பு ஊருக்கு நான்கு இருந்திருந்தால்கூட நோன்புக் கஞ்சியாவது காய்ச்சியிருக்கலாம்.

●

அந்த 2022இல் குசினிகளுக்குத் திரும்பி வந்தது 'அனகி' மண்ணடுப்பு. 1980களில் இலங்கையில் உருவானது. ஒரே வாயில் விறகு வைத்தால் இரண்டு சட்டி கொதிக்கும். முதற்சட்டிக்கு அடியிலிருந்து தப்பி ஓடும் சூடு இரண்டாவது சட்டியைச் சுற்றித்தான் வெளியே போகலாம். மூன்று கல் அடுப்பில் அந்தச் சூடு உம்மாவின் முகத்துக்குத்தான் போனது.

சிங்களத்தில் அனகி என்றால் விலைமதிப்பில்லாதது. கடையில் அதன் விலை குறைவுதான்.

●

திருவண்ணாமலைப் பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர், தெருவில் தள்ளுவண்டி வைத்து உடுப்பு மினுக்குகிறவர்கள் எரித்த கரியைக் கொட்டுவதைப் பார்த்தார். வண்டியின் கூரையில் சோலார் தகடு, கீழே பற்றரி, முன்னால் சைக்கிள் என்று வரைந்தார். ஐந்து மணி நேர வெயிலில் ஆறு மணி நேரம் மினுக்கலாம் என்பது அவரது கணிப்பு. 2020இல் சுவீடனின் சிறுவர் காலநிலைப் பரிசு கிடைத்தது. அடுத்த ஆண்டு கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன்னால் பேசினார். அப்போதும் பள்ளி மாணவிதான்.

என் மகள் கேட்டாள்: "அந்த வண்டி இப்ப எத்தனை தெருவில ஓடுது?" நல்ல கேள்வி. பற்றரி விலை இறங்க இறங்கத்தான் அதற்குப் பதில் கிடைக்கும்.

●

வுழூச் செய்யத் தானாகத் தண்ணீர் ஊற்றும் மெஷின் 800 வருடப் பழசு!

அல் ஜஸரி என்ற பொறியியலாளர், இன்றைய துருக்கியின் கிழக்கே தியார்பக்கிரில் அர்துக்கிய அரசர்களிடம் வேலை பார்த்தவர். வேலைக்காரர் தண்ணீர் ஊற்ற நின்று வுழூச் செய்வது அரசருக்குப் பிடிக்கவில்லை. அவருக்காக ஜஸரி தானே ஊற்றும் கருவி செய்தார்; மயில் வடிவில் செய்ததும் ஒன்று உண்டு. அலகிலிருந்து தண்ணீர் ஊற்றும். அதற்குள் கரண்ட் இல்லை. தண்ணீரின் பாரம், மிதவை, கயிறு, அவ்வளவுதான். யானை மணிக்கூடு, நீர் இறைக்கும் இயந்திரங்கள் என்று தான் செய்தவற்றையெல்லாம் அளவுகளோடு படமும் போட்டு 1206இல் ஒரு நூலாக எழுதி முடித்தார். பார்த்துத் திரும்பச் செய்யக்கூடிய விதத்தில் எழுதியிருக்கிறார். அதனால் நம் காலத்திலும் அவற்றைச் செய்து ஓட விட்டிருக்கிறார்கள்.

2010இல் மலேசியாவில் ஒரு கம்பனி தானியங்கி வுழூ மெஷின் காட்டியது. ஆளுயரம், சென்சர், ஒரு தடவைக்கு 1.3 லீற்றர் தண்ணீர். விலை 3,000 டொலருக்குக் குறையாது என்றார்கள். நபிகளார் ஒரு 'முத்து' என்ற முகத்தல் அளவுத் தண்ணீரில் வுழூச் செய்ததாக ஹதீஸ்களில் வருகிறது. அது முக்கால் லீற்றருக்கும் குறைவு. எங்கள் வீட்டுக் குழாயைத் திறந்து வாளி வைத்து அளந்தோம்: ஒரு நிமிடத்துக்கு 6 லீற்றர். ஹவுளில் கைவிட்டு அள்ளிய எங்கள் வாப்பாமாரும், மூக்கு வைத்த கெண்டியில் ஊற்றிய மூத்தம்மாமாரும் 3,000 டொலர் மெஷினைவிடச் சிக்கனமாகத்தான் இருந்திருக்கிறார்கள்.

●

மருதமுனைத் தறிக்குக் கரண்ட் பில் கிடையாது. காலால் மிதித்துக் கையால் இழுக்கும் தறியில், நூலோடு குறுக்கே பாய்ந்தோடும் நாடா இருக்கிறதே, கயிற்றை வெட்டி இழுத்தால் தானாக ஓடும் அந்த ஏற்பாடு 1733இல் இங்கிலாந்தில் ஜோன் கே என்பவர் கண்டுபிடித்தது. அதற்கு முன்னர் அகலத் துணி நெய்ய நாடாவை இந்தப் பக்கம் ஒருவர் எறிய அந்தப் பக்கம் ஒருவர் பிடிக்க வேண்டும்.

●

தகரக் கூரையில் ஓட்டை போட்டு, தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் போத்தலைப் பாதி வெளியே பாதி உள்ளே தெரிய இறுக்கிவிட்டால் பகலில் 40 வாட் பல்ப் அளவு வெளிச்சம். பாசி பிடிக்காமல் தண்ணீரில் கொஞ்சம் பிளீச். 2002இல் பிரேசில் மெக்கானிக் அல்பிரெடோ மோசர் கண்டுபிடித்தது. பிறகு பிலிப்பைன்ஸிலிருந்து உலகெங்கும் பரவியது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையில் எத்தனையோ குடும்பங்கள் மாதக்கணக்கில் தகரக் கொட்டில்களுக்குள் இருந்தன. நடுப்பகலிலும் உள்ளே இருட்டு. இந்தப் போத்தல் சங்கதி அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு கொட்டிலுக்கு ஒன்றாவது வைத்திருப்போம். வெறும் தண்ணீர்ப் போத்தல்கள்தான் நிவாரணத்தோடு மலையாகக் குவிந்து கிடந்தனவே.

●

உள்நாட்டுக் கண்காட்சிகளில் வரும் சோலார் தோட்டவிளக்குகளைப் பற்றி ஒரு சொந்தக் கதை. கேற்றுக்கு இரண்டு பக்கமும் குத்தி வைக்க நான்கு வாங்கினேன். கடைக்காரர் ஐந்து வருடம் எரியும் என்றார். ஐந்தாம் மாதம் நான்கும் அணைந்தன. கழற்றிப் பார்த்தால் பற்றரி நல்லாக இருக்கிறது, தகடு நல்லாக இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் தகர முனை துருப்பிடித்துக் கரைந்துபோயிருக்கிறது. உப்புக்காற்று. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வைக்கும் எந்தக் கருவிக்கும் முதற்பகை இருட்டல்ல, துருதான். எலுமிச்சம்பழப் புளி போட்டுத் தேய்த்து, வயரை ஈயத்தில் ஒட்டி, மேலே மெழுகு ஊற்றினேன். மூன்று திரும்ப எரிகின்றன.

●

கல்லோயாத் தண்ணீர் வயலுக்கு வரும் வழியில் மின்சாரமும் தருகிறது. இங்கினியாகலை அணைக்கட்டின் அடியில் இருக்கும் மின்நிலையம் 11 மெகாவாட் கொள்ளளவு கொண்டது. டர்பைனைச் சுழற்றிய தண்ணீர்தான் வாய்க்காலில் இறங்கி நெல்லுக்கு வருகிறது. ஒரே தண்ணீருக்கு இரண்டு வேலை.

●

லக்ஷபானவில் மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் கட்டுரை வாசித்தார். மின்நிலையம் ஓடத் தொடங்கியது 1950இல். யோசனைக்கும் பல்ப்புக்கும் இடையே 32 வருடம்.

●

மன்னாரின் 'தம்பபவனி' காற்றாலையில் 30 காற்றாடிகள், சுமார் 100 மெகாவாட். அந்தப் பக்கம் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்துக் கழுத்துப் பிடித்து வருகிறார்கள்.

●

ஒரு குரங்கு இலங்கை முழுவதையும் இருட்டாக்கியது எப்படி?

2025 பெப்ரவரி 9, ஞாயிறு, மதியத்துக்குச் சற்று முன். பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று மின்மாற்றியில் பட்டதாக அமைச்சர் சொன்னார். நாடு முழுக்கக் கரண்ட் போனது. எல்லோரும் சிரித்தோம். அடுத்து வந்த விளக்கம் சிரிப்பதற்கில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவை குறைவு. வெயிலோ நல்ல வெயில். கூரை சோலார்களிலிருந்து மின்சாரம் கொட்டுகிறது. அதனால் பெரிய சுழலும் இயந்திரங்கள் குறைவாகவே ஓடுகின்றன. பாரமான சில்லு சுழன்றுகொண்டிருந்தால் சின்ன இடறலை அது தாங்கும். கூரைத் தகட்டுக்குள் சுழல ஒன்றுமில்லை. ஆகவே ஒரு தட்டலில் எல்லாம் படுத்துவிட்டது.

இரண்டு மாதம் கழித்து, சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரை சோலார்காரர்கள் பகல் 3 மணி வரை தங்கள் தகடுகளை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. 2016இல் 'சூரிய பல சங்கிராமய' என்று சொல்லிப் போடச் சொன்ன தகடுகள்! பகலில் கூடிப்போகிறது, மஃரிபுக்குப் பிறகு போதாமல் போகிறது. பிரச்சினை இப்போது மின்சாரம் எடுப்பதில் இல்லை. எடுத்ததை எங்கே வைப்பது என்பதில் இருக்கிறது.

●

அதற்குத்தான் மேலே நாங்கள் சிரித்துவிட்டு வந்த அரிசி மூடைக் கணக்கு திரும்ப வருகிறது.

உங்கள் வீட்டு 1,000 லீற்றர் தாங்கி 20 அடி உயரத்தில் நிற்கிறது என்று வையுங்கள். அது முழுவதும் இறங்கினால் ஒரு சேதாரமும் இல்லாமல் 5 வாட் பல்ப் மூன்று மணி நேரம் எரியும், அவ்வளவே. அதே தாங்கியை 400 மீற்றர் மலையுச்சியில் வைத்தால்? ஏறத்தாழ ஒரு யூனிட். இனி ஒரு தாங்கிக்குப் பதிலாக ஒரு குளம். பகலில் மிஞ்சும் சோலார் மின்சாரத்தால் கீழ்க்குளத்துத் தண்ணீரை மேற்குளத்துக்கு ஏற்றி, இரவில் டர்பைன் வழியே இறக்கினால் அதுவே மலையளவு பற்றரி. அரநாயக்கப் பக்கம் 600 மெகாவாட்டில் இப்படியொரு நீரேற்று மின்நிலையம் கட்டும் திட்டம் இலங்கையிடம் இருக்கிறது. மோல்ட்டனின் யோசனை பிழையில்லை, அளவுதான் பிழை. ஹோலில் நிற்க வேண்டிய சாமான் அல்ல, மலையில் நிற்க வேண்டியது.

●

இலங்கையில் ஒரு புத்தாக்கத்துக்குக் காப்புரிமை எடுத்தால் 20 வருடம் செல்லும். பதிவது கொழும்பிலுள்ள தேசிய புலமைச்சொத்து அலுவலகத்தில், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ். கண்டுபிடிப்பாளர்களுக்குக் கைகொடுக்கவென்றே ஓர் ஆணைக்குழுவும் இருக்கிறது. பாடசாலைப் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம். பிள்ளை எதையாவது செய்துவிட்டால் உடனே வீடியோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பும் பெற்றோர் கொஞ்சம் பொறுக்கவும்: புதிதாக இருந்தால்தான் காப்புரிமை, ஊருக்கே காட்டிய பிறகு காலம் கடத்தினால் அது புதிது என்று நிறுவுவது கஷ்டம்.

●

கருவாட்டு வாடியில் காகம் விரட்ட ஒரு வழி, கூரைத் தகட்டில் படியும் உப்பைக் கழுவ ஒரு வழி, தையல் மெஷினைக் கரண்ட் இல்லாத நேரம் ஓட்ட ஒரு வழி என்று நற்பிட்டிமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் யாராவது எதையாவது செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அப்படியொன்று இருந்தால் பத்திரிகைக்கு எழுதி அனுப்புங்கள். காப்புரிமை எடுக்கும் எண்ணம் இருந்தால் அதை முடித்துவிட்டு அனுப்பலாம், அவசரமில்லை. படம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கணக்கைச் சேர்த்து அனுப்புங்கள். நானும் மகளும் பார்த்துத் தருகிறோம்.